சட்டையில் ஒட்டாச் சுவர் சமைத்த சருக்கம்

வாழ்க ஹமீது சுல்தான்! கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்னும் நாற்றிசைக் காற்றையும் நெற்றியில் வாங்கி முப்பதாண்டு தோணி விட்டவரும், தூத்துக்குடி தொடங்கிக் கொழும்புவரை எந்தத் துறையிலும் ஏமாறாதவரும், ஏமாந்தாலும் அதை ஒப்புக்கொள்ளாதவரும், பாறைமீன் ஆணத்தோடு சோறு வைத்தால் பேச்சை நிறுத்தி உண்பவரும், உண்டு முடித்ததும் விட்ட இடத்திலிருந்தே பேச்சைத் தொடர்பவரும், கீழக்கரையின் கடலோரத் தெருவிலே இரண்டு கட்டுக் கல்வீட்டின் உரிமையாளருமாகிய அந்தப் பெருமகனின் பெரும்போரைப் பாடப் புகுந்தோம். உரிமையாளர் என்று நாம் எழுதியதை அவர் மனைவி சாலிஹா கண்டால் அடித்துத் திருத்திவிடுவார். அவ்வூர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. சாலிஹாவின் உம்மா சாலிஹாவுக்குக் கொடுத்தது. சாலிஹா தன் மகள் மலிகாவுக்குக் கொடுக்கப்போவது. இடைப்பட்ட காலத்தில் அதில் குடியிருந்து, ஆண்டுக்கொரு முறை வெள்ளையடிக்கும் உரிமை மட்டுமே சுல்தானுக்கு உண்டு.

போர் என்றதும் யானை, குதிரை, தேர், காலாள் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள்க. இந்தக் காவியத்தில் யானை இல்லை. ஒரு வெள்ளாடு உண்டு. பூனைகள் ஏராளம்.

இனிப் பகைவனைப் பாடுவோம். கடற்கரையிலே வீடு கட்டியவன் எவனும் அப்பகைவனை அறிவான். அவன் பெயர் உப்பு. பகலெல்லாம் வெயிலோடு கூட்டுச் சேர்ந்து சுவரைச் சுடுவான். பொழுது சாய்ந்ததும் ஈரக்காற்றின் மேலேறி வந்து சுவரை நக்குவான். பூட்டைத் தின்பான், ஆணியைத் தின்பான், சன்னல் கம்பியை உள்ளிருந்தே அரித்துவிட்டு வெளித்தோலை மட்டும் மரியாதைக்கு விட்டுவைப்பான். வெளியே நின்று தாக்குவது போதாதென்று அவனுடைய ஒற்றர்கள் சுல்தானின் சுவருக்குள்ளேயே குடியிருந்தார்கள். அது கடலில் வெட்டியெடுத்த கல்லால் கட்டிய சுவர். வெட்டிக் கொணர்ந்து மூன்று தலைமுறை ஆன பிறகும் அந்தக் கல் தன் தாய்வீட்டை மறக்காமல், மழைக்காலந்தோறும் உப்பை வியர்த்துக்கொண்டிருந்தது. இத்தகைய சுவரில் அடித்த சுண்ணாம்பு ஆறு மாதத்தில் பொடியாகும். தொட்டால் கையில் வரும். சாய்ந்தால் முதுகில் வரும். ஊரெல்லாம் அப்படித்தான் என்பதால் யாரும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை.

பெரிதுபடுத்தப் பிறந்தவர் பாத்துமுத்து. நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டு நிறையாத அந்தக் காலத்திலே, ஒரு புரட்டாசி மாதத்துப் பிற்பகலில், தன் மகன் சதக்குக்கு மலிகாவைப் பேசி முடிக்க அவர் எழுந்தருளினார். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது அவ்வூர் வழக்கம். ஆகவே பெண்ணைப் பார்ப்பதைப் போல வீட்டையும் பார்ப்பார்கள். தன் மூத்த மகனுக்குப் பேசிய இடத்தை, அவர்கள் வீட்டுக் கதவு கிரீச்சிடுகிறது என்ற ஒரே காரணத்தால் வேண்டாம் என்ற வீராங்கனை அவர். அன்று கத்தரிப்பூ நிறத்தில் புத்தம்புதிய பட்டு உடுத்தி, வீடுகளுக்கு நடுவே பெண்கள் புழங்கும் குறுகிய முடுக்கு வழியாக அவர் வந்துகொண்டிருந்த வேளை, எதிரே வந்தது அடுத்த வீட்டு வெள்ளாடு. முடுக்கிலே ஓர் ஆள் போகலாம், அல்லது ஓர் ஆடு போகலாம். ஆடு விட்டுக்கொடுக்கும் இனமன்று. பாத்துமுத்து சுல்தானின் சுவரோடு ஒட்டி ஒதுங்கினார். ஆடு போயிற்று. பட்டின் தோளிலிருந்து இடுப்புவரை வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு ஏறியிருந்தது.

கூடத்துக்குள் வந்து, தந்த இனிப்பு வட்டலப்பத்தைத் தொடாமல், பட்டை உதறி அவர் முழங்கிய முழக்கத்தை அப்படியே தருகிறோம்.

"சம்மந்தி, பிள்ளையப் பிடிச்சிருக்கு. செவுரு பிடிக்கல. என் மவன் காலத்துக்கும் வாழ வாரான் இங்கன. அவன் சாயிற செவுரு அவன் சட்டையில ஒட்டக் கூடாது. நிக்காஹ் அன்னைக்கு நானே கைய வச்சுத் தடவிப் பாப்பேன். ஒட்டுச்சு, மாப்பிள்ளைய வாசலோட திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன்."

நோன்புப் பெருநாள் கழிந்ததும் நிக்காஹ் என்று நாள் குறித்தாயிற்று. அதற்குள் மழைக்காலம் ஒன்றும் கோடை ஒன்றும் கிடந்தன.

மாடியிலே மலிகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சதக்கை அவள் ஒரே ஒரு தடவை, சன்னல் பலகையின் இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள். தெருவில் போனவன் மீன்செதிலில் வழுக்கித் தொப்பென்று விழுந்தான். விழுந்தவன் யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. தனக்குத்தானே சிரித்துக்கொண்டு எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு போனான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் போதுமாயிருந்தது. அதற்குப் பிறகு வேறு மாப்பிள்ளை அவள் கண்ணில் படவில்லை. இப்போது அந்தச் சிரிப்புக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சுவர் வந்து நின்றது, அதுவும் பொடி உதிரும் சுவர்.

போர்ச்சபை கூடியது. முதலில் எழுந்தவர் சாலிஹா.

"என்னாங்க, சுண்ணாம்புலயே கொஞ்சம் வச்சிரப் பசை சேத்துக் காய்ச்சி, நிக்காஹ்வுக்கு முந்தி ஒரு தடவ அடிச்சா முடிஞ்சு போச்சு."

இந்த யோசனை காவியத்தை இத்துடன் முடித்துவிடக்கூடியது என்பதால் நிராகரிக்கப்பட்டது. மணமகளின் தந்தை பசையால் ஜெயித்தார் என்று எந்தப் புலவன் பாடுவான்? சுல்தான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மதுரைக்குப் புறப்பட்டார்.

மதுரையிலே ஒரு கடைக்காரர் டப்பாவைத் தட்டிக் காட்டி, டிஸ்டம்பர் என்னும் தெய்வீக அஸ்திரத்தின் பெருமையை விவரித்தார். தண்ணீரில் கரைத்து அடித்தால் போதும், காய்ந்தபின் தண்ணீருக்கே அஞ்சாது என்றார். தண்ணீரில் கரைவது எப்படித் தண்ணீருக்கு அஞ்சாதிருக்கும் என்று கேட்கத் தோன்றாதபடி அவர் குரல் அவ்வளவு உறுதியாயிருந்தது. சுல்தான் வான்நீலத்தைத் தேர்ந்தார். கடலும் நீலம், வானும் நீலம், இடையில் தன் வீடும் நீலமாக நின்றால் உப்புக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும் என்பது அவருடைய போர்த்தந்திரம்.

படைத்தலைவன் ராக்கப்பன் வரவழைக்கப்பட்டான். ஊருக்கெல்லாம் வெள்ளையடிக்கும் அவன் நார் மட்டையை ஏந்தி ஏணியேறினால் தானும் வெள்ளையாகித்தான் இறங்குவான். இம்முறை நீலமாகி இறங்கினான். வீடும் நீலமாயிற்று. தெருவே வந்து பார்த்தது. சுல்தான் எதிர்வீட்டு நிழலில் நாற்காலி போட்டு, வந்தவர்களிடம் சுவரைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒருவர் கையிலும் ஒட்டவில்லை. வெற்றி வெற்றி என்று அவர் மனம் கொட்டிய முரசு ஐப்பசிவரை ஓயவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. இடி என்னும் பறையும் மின்னல் என்னும் வாளும் கொண்டு வானம் ஓர் இரவு முழுதும் போர் செய்ததைப் பாடலாம்தான்; ஆனால் சுருக்கமாகச் சொன்னால், பெயின்ட் ஓடிவிட்டது. விடிந்தபோது முடுக்கிலே நீலநதியொன்று கடலை நோக்கி நடந்துகொண்டிருந்தது. சுவர் தன் பழைய அழுக்கு முகத்தோடு நின்றது. பாத்துமுத்துவை ஒதுங்கவைத்த அதே வெள்ளாடு, மழைக்கு அந்தச் சுவரோரமாகவே ஒண்டி நின்றிருந்தது போலும். காலையில் அது வெளியே வந்தபோது ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் வான்நீலமுமாக இருந்தது.

ராக்கப்பன் ஆட்டைச் சுற்றி வந்து, காதைப் பிடித்துத் தடவி, தன் விரலைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"மொதலாளி, செவுத்துல நிக்காட்டியும் ஆட்டுல நல்லா நின்னுருக்கு. கையில ஒட்டவே இல்ல பாருங்க."

இப்படியாக முதற்போர் முடிந்தது. அந்த ஆட்டின் நீலம் பங்குனிவரை போகவில்லை. ஆட்டுக்காரி தெருவில் போகும்போதெல்லாம் சுல்தானைப் பார்த்தது பார்வையன்று.

இரண்டாம் போரின் நாயகர் சாலிஹாவின் தம்பி சுஐபு. கொழும்பிலே கடை வைத்திருந்தவர். மார்கழியில் விடுமுறைக்கு வந்திருந்தார். இரட்டை நிறச் செருப்பு, மணிக்கட்டில் கடிகாரம், வாயைத் திறந்தால் முதற்சொல் 'கொழும்புல' என்று இருக்கும். நீல ஆட்டைக் கண்டு அவர் சிரித்த சிரிப்பை அடக்கச் சாலிஹா அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

"மச்சான், தண்ணியில கரையிறத அடிச்சா தண்ணியோடதான் போவும். கொழும்புல எண்ணெய் பெயின்ட்டுதான். கப்பலுக்கே அதான் அடிக்கிறான். கப்பலு கரையுதா? லாத்தா, நீயே சொல்லு, கப்பலு கரையுதா?"

கப்பல் கரைவதில்லை என்பதைச் சாலிஹாவாலும் மறுக்க முடியவில்லை. பச்சைநிற எண்ணெய்ப் பெயின்ட் தகர டின்களில் வந்திறங்கியது. தையிலே அடித்தார்கள். அம்மம்ம, அதன் பளபளப்பை என்னென்போம்! காகமொன்று சுவரிலே தன் நிழலைக் கண்டு வேறொரு காகம் என்று சண்டைக்குப் போயிற்று. தெருப் பெண்கள் முடுக்கிலே போகையில் சுவரில் முகம் பார்த்து முக்காட்டைச் சரிசெய்தார்கள். சுஐபு காலையும் மாலையும் சுவருக்கு எதிரே கைகட்டி நின்றார். சுல்தானுக்கு வெற்றி வந்ததில் மகிழ்ச்சியும், அது மைத்துனன் கையால் வந்ததில் வயிற்றெரிச்சலும் சரிபாதியாக இருந்தன.

வயிற்றெரிச்சல் பங்குனியில் தீர்ந்தது. வெயில் ஏற ஏற, கல்லுக்குள் இருந்த ஒற்றர் படை வெளியே வர வழி தேடியது. வழியெங்கும் பச்சைத்தோல் மூடிக் கிடந்தது. உள்ளிருந்து ஈரம் முட்டியது, உப்பு முட்டியது, சுவர் முழுதும் அப்பளம் போலக் கொப்புளம் கொப்புளமாக உப்பத் தொடங்கிற்று. கொப்புளம் இருந்தால் அதை உடைக்காமல் போகும் பிள்ளை எந்தத் தெருவில் பிறந்திருக்கிறது? பள்ளிக்கூடம் விட்டதும் தெருவிலுள்ள அத்தனை பிள்ளைகளும் சுவரைச் சூழ்ந்துகொண்டு விரலால் குத்திக் குத்தி உடைத்தார்கள். பட், பட், பட் என்று பிற்பகல் முழுதும் கேட்டது; சாலிஹாவின் கண்ணயர்வு போயிற்று. உடைந்த இடத்திலெல்லாம் உப்புப் பொடி கொட்டியது. சுவர் பெரியம்மை கண்டு எழுந்தாற்போல் நின்றது.

"கொழும்புல இப்பிடி ஆவாது" என்றார் சுஐபு.

"அப்ப செவுரத் தூக்கிட்டுக் கொழும்புக்குப் போ" என்றார் சுல்தான்.

சுஐபு சுவரை விட்டுவிட்டுத் தான் மட்டும் தனுஷ்கோடியில் கப்பலேறினார்.

நோன்பு மாதம் பிறந்தது. நிக்காஹ்வுக்கு ஒரு பிறைக்காலமே இருந்தது. சித்திரை வெயிலில் வாயுலர்ந்து, மனமுலர்ந்து, நம் நாயகர் கடற்கரையில் தன் தோணியின் அருகே அமர்ந்தார். கரையேற்றி, பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்த அந்தத் தோணியைப் பார்த்தார். அதன் அடிப்புறத்தைப் பார்த்தார். ஆண்டுக்கணக்காக உப்புநீரிலேயே ஊறிக் கிடந்தும் ஒரு செதில் உரியாமல், ஒரு பொடி உதிராமல் இருந்த அந்தப் பூச்சைத் தடவிப் பார்த்தார். கையை விரித்துப் பார்த்தார். உள்ளங்கை சுத்தமாக இருந்தது.

ஞானம் என்பது இப்படித்தான் வரும் போலும். வெயிலில், வெறும் வயிற்றில், யாரும் தடுக்க இல்லாத வேளையில்!

"ஏலே ராக்கப்பா! கடலுக்குள்ளயே கெடக்குற தோணிக்கு நிக்கிறது, கரையில நிக்கிற செவுத்துக்கு நிக்காதா?"

தோணிக்கு என்ன பூசுவார்கள் என்பது ராக்கப்பனுக்குத் தெரியும். கிளிஞ்சல் சுண்ணாம்பு, குங்கிலியம், இரண்டையும் குழைக்கச் சுறாமீன் ஈரலை வெயிலில் உருக்கி இறக்கிய எண்ணெய். அவன் மேல்துண்டை எடுத்து முன்கூட்டியே மூக்கைக் கட்டிக்கொண்டான்.

"நிக்கும் மொதலாளி. நாமதான் கிட்டப் போயி நிக்க முடியாது."

சுல்தானுக்கு இந்தச் சொல் விளங்கவில்லை. அதிலேதான் இருக்கிறது இக்காவியத்தின் துயரம். முப்பதாண்டு தோணியிலேயே உண்டு, தோணியிலேயே உறங்கிய அவருடைய மூக்கு, சுறா எண்ணெய் விஷயத்தில் எப்போதோ பணி ஓய்வு பெற்றிருந்தது. அத்தர் தெரியும், ஆணம் தெரியும், அடுத்த வீட்டில் கருவாடு சுட்டால் தெரியும். சுறா எண்ணெய் மட்டும் தெரியாது. தோணிக்காரர் அல்லாத எவரும் செய்ய இயலாத பிழை அது.

குடங்குடமாக எண்ணெய் வந்தது. பச்சைத்தோலைச் சுரண்டி எறிந்து, சாலிஹாவும் மலிகாவும் உறவுக்காரர் வீட்டுக்கு நோன்பு திறக்கப் போயிருந்த ஒரு வார காலத்தில் முன்சுவர், பின்சுவர், முடுக்குச் சுவர் மூன்றும் பூசி முடிக்கப்பட்டன. யானைத்தந்த நிறத்தில், வழவழவென்று, வெயிலில் இறுகி நின்றது சுவர். அதற்குப் பரீட்சைகள் நடந்தன. வெள்ளைத் துணியால் துடைத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. அடுத்த வீட்டு வெள்ளாட்டைத் தானே கொம்பைப் பிடித்து இழுத்து வந்து சுவரோடு தேய்த்தார். ஆடு கத்தியது, ஆனால் நிறம் மாறவில்லை. எதிர்பாராமல் ஒரு கோடை மழை கொட்டியது; தாமரை இலையில் போலத் தண்ணீர் உருண்டு ஓடிற்று. உப்பு தோற்றது! வெயில் தோற்றது! மழை தோற்றது! மூவேந்தரையும் ஒருசேர வென்ற சுல்தான் மீசையைத் தடவிக்கொண்டு வாசலில் நின்றபோது, முதற்பூனை வந்தது.

அது தலைவாசலுக்கு எதிரே உட்கார்ந்து சுவரை அண்ணாந்து பார்த்தது. பிறகு எழுந்து போய் நக்கியது. நக்கிவிட்டு, தன் சுற்றத்தாருக்கு ஆள் அனுப்பியதோ என்னவோ, அந்திக்குள் மீன்கடைப் படை வந்தது. மறுநாள் துறைமுகப் படை வந்தது. பள்ளிவாசல் தெருப் படை, நடுத்தெருப் படை, உப்பளத்தில் எலி பிடித்துக் காலம் தள்ளிய முரட்டுப் படை, இவை யாவும் தத்தம் பழைய பகையை மறந்து சுல்தானின் வீட்டை முற்றுகையிட்டன. சன்னல் விளிம்பிலே பூனை, ஓட்டிலே பூனை, முடுக்கிலே குறுக்கும் நெடுக்கும் பூனை. அவற்றோடு காகங்களும், ஈக்களும். நாற்றமோ, தெருமுனையைத் தாண்டித் தெரு முழுவதையும் வென்று, பள்ளிவாசலின் நடைவரை தன் எல்லையை விரித்திருந்தது. நோன்பு வைத்திருந்த தெருக்காரர்கள் சுல்தானின் வீட்டருகே வந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு ஓடினார்கள். புலவர்கள் இந்த இடத்தில் மூச்சு வாங்கிக்கொள்வது மரபு. நாம் அடுத்த பத்தியில் வாங்கிக்கொள்வோம்.

சாலிஹா திரும்பி வந்தார். தெருமுனையிலேயே முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். வாசலுக்கு வந்து, சுவரைப் பார்த்து, பூனைகளைப் பார்த்து, கடைசியாகப் புருஷனைப் பார்த்தார்.

"என்னாத்த அடிச்சிங்க?"

"ஒட்டுதா பாரு சாலிஹா! தொட்டுப் பாரு!"

"தொடவா? நா எப்பிடி உள்ள போறதுன்னு பாத்துட்டு நிக்கிறேன்."

உடனே மேலே சுண்ணாம்பு அடித்து மூடும்படி ராக்கப்பனுக்கு ஆணை பிறந்தது. அடித்தான். அந்த வழவழப்பில் சுண்ணாம்பு நிற்குமா? அடித்த கையோடு மோர் போல வழிந்து தரைக்கு வந்தது. சுரண்டச் சொன்னார். உளி மழுங்கியது, பூச்சு அசையவில்லை. கடலே ஆண்டுக்கணக்கில் முட்டிப் பெயர்க்காததை ராக்கப்பன் ஒரு வாரத்தில் எப்படிப் பெயர்ப்பான்? எந்த உறுதியை வேண்டிச் சுல்தான் மூன்று போர் செய்தாரோ, அந்த உறுதியே இப்போது அவர் கழுத்தைப் பிடித்தது.

வாசனைப் படை ஒன்று திரட்டப்பட்டது. சாம்பிராணி புகைத்தார்கள், சந்தனம் கரைத்துத் தெளித்தார்கள், பன்னீர் ஊற்றினார்கள், சுவர் நெடுக மல்லிகைச் சரம் தொங்கவிட்டார்கள். முன்பு வெறும் சுறா நாற்றமாக இருந்தது, இப்போது கல்யாணத்துக்கு உடுத்திப் புறப்பட்ட சுறாவின் நாற்றமாயிற்று.

பெருநாளுக்கு முந்தின அந்தியிலே, நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தை எடுத்து வர மாடிப்படி ஏறிய சுல்தான், மகளின் குரலைக் கேட்டார்.

"உம்மா, செவுரு ஒட்டுனா போயிருவாகன்னு சொன்னாக. இப்ப ஒட்டல. ஆனா இந்த வாடையில யாரு உள்ள வருவா? செவுர இடிச்சாலும் சரி உம்மா. எனக்கு அவுகதான் வேணும்."

நாயகரின் நெஞ்சம் பிளந்தது என்று பாடுவது மரபு. உண்மையில் அவருக்கு அழுகை வந்தது. தன் மகளுக்காக என்று எண்ணிச் செய்ததில் பாதி, தான் தோற்கக் கூடாது என்பதற்காகச் செய்தது என்று அந்தப் படியில் நின்றபோதுதான் அவருக்குத் தெரிந்தது. பேரீச்சம்பழத்தை எடுக்காமலே கீழே இறங்கிப் போய், வெறும் தண்ணீரில் நோன்பு திறந்தார்.

நிக்காஹ் நாள் வந்தது.

அதிகாலையிலேயே ராக்கப்பன் ஒரு கூடைச் சாளைமீனைச் சுமந்துகொண்டு கடற்கரைக்கு நடந்தான். அவன் பின்னே முற்றுகைப் படைகள் அனைத்தும் வாலை உயர்த்தி அணிவகுத்துச் சென்றன. பூனைகளை அகற்றலாம், காற்றை என்ன செய்வது? கச்சான் காற்று அன்றைக்கென்று நின்றுவிட்டது. நாற்றம் வீட்டைச் சுற்றியே கம்பளம் போலப் படுத்துக் கிடந்தது.

மாப்பிள்ளை ஊர்வலம் தெருவுக்குள் திரும்பியது. பைத்து என்னும் வாழ்த்துப்பாட்டு ஓதி வந்த இளைஞர்களின் குரல் தெருமுனையில் கணீரென்று இருந்தது. நாலைந்து வீடு கடப்பதற்குள் ஒவ்வொன்றாக அடங்கியது. முன்வரிசையில் வந்தவர்கள் தோள்துண்டை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். பின்வரிசை காரணம் புரியாமல் முட்டிக்கொண்டு நின்றது. நடுவிலே மாப்பிள்ளை சதக், வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, கழுத்து நிறைய மாலை, மணமகனுக்குரிய வழக்கப்படி முகத்தருகே ஒரு வெள்ளைக் கைக்குட்டை. கண்கள் சிவந்து கலங்கியிருந்தன. தாயைப் பிரிந்து வரும் பிள்ளையல்லவா என்று பெண்கள் உருகினார்கள்.

முடுக்கு வழியாக வந்த பாத்துமுத்து, பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுவருக்கு முன் வந்து நின்றார். வலக்கையை உயர்த்தினார். சுவரில் வைத்தார். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை அழுத்தித் தேய்த்தார். பிறகு கையைத் தன் பட்டிலேயே துடைத்துப் பார்த்தார். கத்தரிப்பூ நிறப்பட்டு, நேற்று வாங்கியது போல் மாசின்றி இருந்தது.

"ஒட்டல" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

சுல்தானின் உயிர் திரும்பி வந்து பாதி வழியில் நின்றது. ஏனெனில் பாத்துமுத்து அந்தக் கையை மெல்ல மூக்கருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அடுத்து அவர் முகம் போன போக்கைப் பாடச் சொல் இல்லை.

"யா அல்லா! இது வீடா, தோணியா? சம்மந்தி, என் மவன் இதுக்குள்ள எப்பிடி மூச்சு விடுவான்? நா ஒண்ணும் சொல்லல. வாழப் போறது அவன். அவனே சொல்லட்டும்."

ஊர் முழுதும் சதக்கைப் பார்த்தது. மாடியிலே, அதே சன்னல் பலகையின் இடுக்கிலே, ஒரு கண் மட்டும் சதக்கைப் பார்த்தது. தெருவிலிருந்த அத்தனை பேரும் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற அந்த நேரத்தில், சதக் மட்டும் தன் கைக்குட்டையை முகத்திலிருந்து எடுத்தான். சுவரை மேலும் கீழும் பார்த்தான். வாயைத் திறந்து நிதானமாக ஒரு நீண்ட மூச்சு இழுத்தான். அவனுக்கு எதுவும் ஆகவில்லை. தன்னைச் சுற்றி மூக்கைப் பிடித்து நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். இவர்களுக்கெல்லாம் என்ன வந்தது என்ற வியப்பு அவன் முகத்தில் இருந்தது.

"என்ன உம்மா? ஒண்ணும் இல்லையே. நல்லாத்தான இருக்கு."

குரல் சற்றே கம்மியிருந்தது. உணர்ச்சிப் பெருக்கு என்று ஊர் எண்ணியது. அவன் படியேறி, சுவரில் முதுகைச் சாய்த்து நின்று செருப்பைக் கழற்றினான். நிமிர்ந்தபோது வெள்ளைக் கோட்டில் ஒரு பொட்டு இல்லை. பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, வலக்காலை எடுத்து வைத்து வீட்டுக்குள் நுழைந்தான். மாடிச் சன்னல் பலகை படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே யாரோ அழுதுகொண்டே சிரிக்கும் ஓசை கேட்டது. பாத்துமுத்து தன் கையைப் பார்த்தார், மகனின் முதுகைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுப் பின்னாலேயே உள்ளே போனார்.

கேளீர் உலகீர்! தாயின் சொல்லும் ஊரின் முகச்சுளிப்பும் சுறாவின் வாடையும் முப்படையாகத் திரண்டு வாசலை மறித்து நின்றபோதும், புருவம் சுளிக்காமல், கால் தயங்காமல், கைக்குட்டையைக்கூட வேண்டாமென விலக்கி, அன்பு ஒன்றையே மூச்சாக இழுத்துத் தன் மனையறம் புகுந்த அந்த மாப்பிள்ளையின் பெருந்தன்மையையும், அத்தகைய மருமகனைத் தன் சுவரால் சோதித்துப் பெற்ற ஹமீது சுல்தானின் தொலைநோக்கையும் கடலுள்ள அளவும், கடலில் உப்புள்ள அளவும், அந்த உப்புக்கு அசையாமல் அந்தச் சுவருள்ள அளவும் கீழக்கரை பாடிக்கொண்டிருக்குமாக!

மாப்பிள்ளைக்கு அன்றைக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது.